முன்னால் உட்கார்ந்து அவர் சொன்னது

சில வருடங்களுக்கு முன், பங்குனி உத்திரம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் இது நடந்தது. இடம், சிங்கப்பூரின் கிழக்கே பாசிர் ரிஸ் பக்கம் கடலில் போய்ச் சேரும் ஒரு சின்ன ஆறு. காற்று நிரப்பி மிதக்கவிடும் இரண்டு பேர் கயாக் ஒன்றில் என் கணவர் முன்னால் உட்கார்ந்திருந்தார். நான் பின்னால் உட்கார்ந்து துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும், அவருடைய அந்தப் படகில் நான் ஏறியது அதுதான் முதல் தடவை.

அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுபவர். வாரம் முழுக்க ஆள் உயரத்துக்குப் பல மடங்கு மேலே ஒரு கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து, கீழே கப்பல்களையும் தண்ணீரையும் பார்த்துக்கொண்டே இருக்கிற வேலை. ஞாயிறு வந்தால் தண்ணீரின் மட்டத்துக்கு இறங்கிவிட வேண்டும் அவருக்கு. கயாக்கை மடித்துப் பையில் போட்டு, எங்கள் பொங்கோல் வீட்டில், போர் வந்தால் ஒதுங்குவதற்கென்று கட்டி இங்கே எல்லோரும் சாமான் போட்டு வைக்கிற பாதுகாப்பறையில் அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவில் வைத்திருப்பார். அறையைத் திறந்தாலே ரப்பர் வாசமும் மீன் வாசமும் கலந்து அடிக்கும். நான் திட்டுவேன். அவர் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துவார்.

இந்த ஊரில் வசந்தம் என்று தனியாக ஒன்றும் கிடையாது. ஆனால் வாடைக்காற்று ஓய்ந்து அடுத்த காற்று தொடங்குவதற்கு முன், பங்குனி சித்திரையில், கொஞ்ச நாள் தண்ணீர் அசையாமல் கிடக்கும். அந்த நாட்களை அவர் ‘என் சீசன்’ என்பார். ஆற்று வாயில் கொடுவாயும் செம்பல்லியும் கரையோர மரவேர்களுக்கு அடியில் வந்து நிற்குமாம்.

அந்த வருடம் சீசன் வந்தபோது அவரால் படிக்கட்டு ஏற முடியாத நிலை. பெருங்குடலில் தொடங்கிய புற்றுநோய் கல்லீரலுக்குப் போயிருந்தது. முதலில் ஒரு மருந்து, அது கேட்காமல் இன்னொரு மருந்து என்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. மூன்றாவதாக ஒரு மருந்து இருக்கிறது, முயன்று பார்க்கலாம், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்த வாக்கியத்தின் பின்பாதி என் காதில் விழவே இல்லை. வருகிற செவ்வாய்க்கிழமை தொடங்குவதாக நானே நாள் குறித்துவிட்டு வந்தேன். பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகளும் அதில் உறுதியாக இருந்தாள்.

அப்போதுதான் அவர் கேட்டார். “செவ்வாய்க்கு முன்னாடி ஒரே ஒரு தடவை ஆத்துக்குப் போயிட்டு வந்துடலாமா? நீயும் வாயேன்.”

முடியாது என்றேன். கிருமி தொற்றினால் என்ன ஆவது, மீன் முள் குத்தினால் என்ன ஆவது, மயங்கி விழுந்தால் நான் என்ன செய்வேன் என்று அடுக்கினேன். அவர் வாதாடவில்லை. சரி என்று சொல்லிவிட்டு சோபாவில் படுத்துக்கொண்டார். அந்தச் ‘சரி’யைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது தேக்கா சந்தையில் இறங்கி, தூண்டிலுக்குப் போட இறால் வாங்கிக்கொண்டு போனேன். பையைத் திறந்து பார்த்தவர் சின்னப் பிள்ளைபோல் இறாலை முகர்ந்து பார்த்தார். “இது சமையல் இறால்மா, இரைக்கு இவ்வளவு பெருசு வேண்டாம்,” என்றார். ஆனாலும் முகமெல்லாம் சிரிப்பு.

நான் பாலர் பள்ளியில் ஆசிரியை. உயர்நிலைப் பள்ளியில் படிக்கும்போது முகாமுக்குக் கூட்டிப்போய்த் துடுப்புப் போடக் கற்றுக்கொடுத்தார்கள். என் அனுபவம் அவ்வளவுதான். நீச்சலும் சுமார். ஞாயிற்றுக்கிழமை காலை ஆற்றங்கரையில் காலால் மிதிக்கிற பம்ப்பை வைத்து நான் காற்றடிக்க, அவர் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து வேலை வாங்கினார். இரண்டு பேருக்கும் மிதவைச் சட்டையை அவரே மாட்டிவிட்டார். வார்ப்பூட்டை மாட்டும்போது அவர் விரல்கள் அதைத் தேடித் தடவுவதைக் கவனித்தேன். நான் கை கொடுக்கப் போனேன். வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, ரொம்ப நேரம் போராடி மாட்டினார்.

தண்ணீரில் இறங்கியதும் அவர் வேறு ஆளாகிவிட்டார். எப்படித் துடுப்பைப் பிடிக்க வேண்டும், எந்தப் பக்கம் எத்தனை அழுத்த வேண்டும் என்று திரும்பாமலே சொல்லிக்கொண்டு வந்தார். இரண்டு பேர் கயாக்கில் முன்னால் இருப்பவரின் முகம் பின்னால் இருப்பவருக்குத் தெரியாது. தொப்பிக்குக் கீழே மெலிந்துபோன அவர் கழுத்தும், மிதவைச் சட்டைக்குள் இரண்டு பேர் நுழையலாம்போல் இருந்த தோளும்தான் எனக்குத் தெரிந்தன. வீட்டில் எதிரும் புதிருமாகப் பார்க்கும்போது அவர் இவ்வளவு கரைந்துபோயிருப்பது எனக்கு உறைக்கவில்லை.

இரு கரையிலும் சதுப்பு மரங்கள். ஒரு உடும்பு தண்ணீரைக் கடந்து போனது. மரவேர்கள் நிறைந்த ஒரு திருப்பத்தில் படகை நிறுத்தச் சொன்னார். தூண்டில் முள்ளைக் கட்டுவதற்கு நைலான் நரம்பை எடுத்தார். கண்ணை மூடிக்கொண்டு கட்டுகிற மனிதர் அவர். அன்றைக்கு நரம்பு கையிலிருந்து நழுவியது. மறுபடி எடுத்தார், மறுபடியும் நழுவியது. கடைசியில் பின்பக்கமாகக் கையை நீட்டி, “நீ கட்டு, நான் சொல்றேன்,” என்றார். சொல்லச் சொல்லக் கட்டினேன். அவர் அதைச் சோதித்துப் பார்க்காமலே தண்ணீரில் வீசினார்.

ஆற்றின் அமைதி எனக்குப் பிடித்திருந்தது. இதற்குத்தான் இந்த மனிதர் வாராவாரம் ஓடிவந்தாரா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, தூண்டில்கோலின் நுனி வளைவதைப் பார்த்தேன். ஒருமுறை வளைந்து நிமிர்ந்தது. அடுத்த தடவை நன்றாக, தண்ணீரைத் தொடுகிற அளவுக்கு வளைந்தது. அவர் அசையவே இல்லை. வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்னங்க, மீன், மீன் இழுக்குது,” என்று கத்தினேன்.

அவர் திடுக்கிட்டுக் கோலைத் தூக்கினார். அதற்குள் நரம்பு தொய்ந்துவிட்டது. சுருட்டிப் பார்த்தால் வெறும் முள். இறாலைத் தின்றுவிட்டு மீன் போய்விட்டது.

பரவாயில்லை, இன்னொன்று போடலாம் என்று நான் இறாலை எடுத்தேன். அவர் கையை நீட்டவில்லை. கோலை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தபடியே பேச ஆரம்பித்தார்.

“கையில புடிச்சிட்டுத்தான் இருந்தேன். எனக்குத் தெரியலம்மா.”

“பராக்குப் பார்த்துட்டு இருந்தீங்க.”

“இல்ல. விரல்ல உணர்ச்சியே இல்ல. போன மருந்துலேர்ந்தே இப்படித்தான். உன் கையைப் புடிச்சாக்கூட, புடிச்சிருக்கேன்னு பார்த்தாதான் தெரியுது.”

விரல் மரத்துப்போகும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். கொஞ்சம் மரத்திருக்கிறது என்று இவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் அது இப்படி என்று எனக்குத் தெரியாது. அவர் மேலும் சொன்னார். “செவ்வாய்க்கிழமை நான் வரலம்மா. போதும். இருக்கிறவரைக்கும் இப்படியே இருந்துட்டுப் போறேன்.”

வீட்டில் சொல்லியிருந்தால் நான் எழுந்து சமையலறைக்குப் போயிருப்பேன். மகளைக் கூப்பிட்டிருப்பேன். டாக்டருக்குப் போன் செய்திருப்பேன். அந்தச் சின்னப் படகில் எழுந்து நிற்கக்கூட முடியாது. அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. அழுதேன். கோபமாகப் பேசினேன். இவ்வளவு தூரம் வந்த பிறகு கைவிட்டால் என்ன அர்த்தம் என்றேன். “பிள்ளையை நெனச்சுப் பாருங்க,” என்றேன்.

“நெனச்சுப் பார்த்துத்தான் சொல்றேன். அவகிட்ட பேசுறப்பக்கூட வாந்தி வருமான்னு பார்த்துட்டே பேச வேண்டியிருக்கு.”

“ஒரே ஒரு தடவை, எனக்காக.”

“போன தடவை உனக்காகத்தான் போட்டுக்கிட்டேன்,” என்றார். அதில் குற்றம் சாட்டுகிற தொனி இல்லை. மெதுவாக, எனக்கு ஒரு தகவல் தெரிவிப்பதுபோல் சொன்னார். அந்தக் குரல் இப்போதும் எனக்குக் கேட்கிறது.

நான் துடுப்பை மடியில் வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. தலை நிமிர்ந்தபோது இரண்டு பக்கமும் மரங்களைக் காணோம். கடல் நீர் வடியத் தொடங்கியிருக்கிறது. ஆறு எங்களைச் சத்தமில்லாமல் வாய்க்கு வெளியே கொண்டுபோய் விட்டிருந்தது. கரை பின்னால் வெகுதூரத்தில் இருந்தது. மேற்கே வானம் மொத்தமும் கறுத்துக்கிடந்தது. இந்தக் காலத்தில் காலை நேரத்திலேயே திடீரென்று காற்றோடு மழை வந்து அடிப்பது இங்கே வழக்கம்தான். வீட்டு ஜன்னலிலிருந்து எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

முதல் காற்று வந்து மோதியதும் படகு தட்டாமாலை சுற்றியது. நான் கரையைப் பார்த்து வெறி பிடித்ததுபோல் துடுப்புப் போட்டேன். கரை நெருங்கவே இல்லை. மழை ஊசி ஊசியாக முகத்தில் குத்தியது. அவர் நனைந்து நடுங்குவது முதுகில் தெரிந்தது. இவரை இந்த நிலையில் தண்ணீருக்குக் கொண்டுவந்தேனே என்ற பயத்தில் என் கை ஓடவில்லை.

அவர் குரல் மட்டும் நிதானமாக வந்தது. “கரையை விடு. காத்தை எதிர்த்துப் போக முடியாது. வலது பக்கம் பாரு, மீன் பண்ணை தெரியுதா? மூக்கை அந்தப் பக்கம் திருப்பு. காத்தே தள்ளிட்டுப் போகும், நீ நேராப் புடிச்சிட்டா போதும்.”

கடலில் மரச்சட்டங்களும் வலைகளும் மிதவைகளுமாகக் கட்டி மீன் வளர்க்கும் பண்ணைகள் அங்கே சில உண்டு. மழைக்குள் ஒரு தகரக் கூரை மங்கலாகத் தெரிந்தது. அவர் “வலது, இன்னும் வலது, இப்ப விடு,” என்று சொல்ல, நான் அப்படியே செய்தேன். அலை படகுக்குள் ஏறி இடுப்பு வரை நனைந்துவிட்டது. பண்ணையை நெருங்கியதும் நாய்கள் குரைத்தன. ஒரு சீன முதியவர் மழைக்கோட்டுகூட இல்லாமல் ஓடிவந்து, நீண்ட கொக்கிக் கம்பால் எங்கள் படகின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். என்னைக் கை கொடுத்து ஏற்றினார். என் கணவரைப் பார்த்ததும் நீட்டிய கையை இழுத்துக்கொண்டு, குனிந்து இரண்டு அக்குளிலும் கை கொடுத்துத் தூக்கிவிட்டார். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுப்பதுபோல் அத்தனை மெதுவாக எடுத்தார்.

கூரைக்குக் கீழே ஒரு சின்ன அறை. உலர்ந்த சட்டையும் ஒரு கைலியும் கொண்டுவந்து கொடுத்தார். சட்டை மாற்றும்போது, மருந்து ஏற்றுவதற்காக என் கணவரின் நெஞ்சுத் தோலுக்குக் கீழே பதித்திருந்த குமிழைப் பெரியவர் பார்த்தார். இந்த உடம்போடு ஏன் வந்தீர்கள் என்று கேட்பார் என்று நான் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் அடுப்பைப் பற்றவைத்து காப்பி போட்டுக் கொடுத்தார். சர்க்கரை போதுமா என்று மட்டும் மலாய் மொழியில் கேட்டார். தன்னுடைய கட்டிலைக் காட்டி, படுத்துக்கொள்ளச் சொல்லிச் சைகை செய்தார்.

என் கணவர் படுத்தவர் உடனே தூங்கிவிட்டார்.

வாரக்கணக்கில் அவர் சரியாகத் தூங்கியதில்லை. வலி, வாந்தி, அல்லது இரண்டும் வரப்போகிறது என்ற பயம். வீட்டில் மெத்தை மாற்றிப் பார்த்தோம், தலையணை மாற்றிப் பார்த்தோம். இங்கே யாரோ ஒருவருடைய பலகைக் கட்டிலில், பண்ணை முழுவதும் அலையில் மெல்ல ஆடிக்கொண்டிருக்க, வாயைத் திறந்து குறட்டை விட்டுத் தூங்கினார். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. நான் கீழே உட்கார்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

மழை விட்டது. வெயில்கூட வந்துவிட்டது. எழுப்பலாம் என்று குனிந்தபோது பெரியவர் வேண்டாமென்று தலையசைத்தார். நாய்களைக் கூட்டிப்போய்ப் பண்ணையின் அடுத்த கோடியில் கட்டிவிட்டு வந்தார். ரேடியோவை அணைத்தார். மீன் ஏற்றிப்போக ஒரு மோட்டார் படகு வந்தது. இவர் ஓரத்துக்கு ஓடி, உள்ளங்கையைத் தாழ்த்தித் தாழ்த்திக் காட்டி, இன்ஜினைத் தூரத்திலேயே அணைக்கச் சொன்னார். வந்தவர்கள் துடுப்பால் தள்ளிக்கொண்டு வந்து, பேச்சுச் சத்தமில்லாமல் மீனை ஏற்றிக்கொண்டு போனார்கள். எங்களை யாரென்றே தெரியாத அந்த மனிதர், ஒரு நோயாளியின் தூக்கத்துக்காகத் தன் காலை வேலை முழுவதையும் குரலைத் தாழ்த்திச் செய்துகொண்டிருந்தார்.

அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். என் கணவரின் முகத்தையும் பார்த்தேன். நெற்றியில் சுருக்கம் இல்லை. அவர் கேட்டது இதைத்தான் என்று அப்போது எனக்குப் பட்டது. வலியில்லாமல் ஒரு தூக்கம். பக்கத்தில் நான். என் மனதுக்குள் ஏதோ ஒன்று உடைந்தது. ஆனால் ஆற்றில் அழுததுபோல் அழுகை வரவில்லை.

அவர் விழித்ததும் முதலில், “மீன் ஏதாவது மாட்டுச்சா?” என்று கேட்டார். எனக்குச் சிரிப்பும் வந்தது. பெரியவர் தன் மோட்டார் படகில் எங்களையும், காற்றிறக்கிச் சுருட்டிய கயாக்கையும் ஏற்றிக்கொண்டு படகுத்துறையில் கொண்டுவந்து விட்டார். கூடவே வலையிலிருந்து ஒரு கொடுவாயை எடுத்துப் பையில் போட்டு நீட்டினார். என் கணவர் வாங்கவில்லை. “நோ நோ, அங்கிள். ஐ கேட்ச் மை ஓன், லா,” என்றார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு பெரியவர் பையை என் கையில் திணித்துவிட்டு, என் கணவரின் தோளை ஒருமுறை தட்டிவிட்டுத் திரும்பிப் போனார்.

காரில் வீடு திரும்பும்போது, “செவ்வாய்க்கிழமை வேண்டாம். நானே போன் பண்ணிச் சொல்லிடுறேன்,” என்றேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த முகத்தையும் நான் பார்க்கவில்லை. தோள் மட்டும் குலுங்கியது.

மகளிடம் சொல்வதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. அவள் எங்கள் இருவரிடமும் பல நாள் பேசவில்லை. “அம்மா, நீங்களும் விட்டுட்டீங்களா?” என்று கேட்டாள். ஒரு சாயங்காலம் அவர் அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, தூண்டில் முள் கட்டுவதை வாயாலேயே சொல்லிக்கொடுத்தார். அவள் கட்டினாள், தப்பாகக் கட்டினாள், இவர் மறுபடி சொன்னார். அதன் பிறகு அவள் கல்லூரி முடிந்ததும் வேறு எங்கும் போகாமல் நேராக வீட்டுக்கு வந்தாள்.

வீட்டுக்கே வந்து பார்த்துக்கொள்ளும் தாதியர் வலிக்கு மருந்து கொடுத்தார்கள். மருந்தின் வாந்தி நின்றதால் சில வாரம் நன்றாகவே சாப்பிட்டார். மீன் தலைக் கறி கேட்டார், வாங்கி வந்தோம். தேக்காவுக்கு ஒருமுறை போக வேண்டுமென்றார், சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனோம். பூக்கடைக்காரரிடம் ஊர்க்கதை எல்லாம் பேசிவிட்டு வந்தார். விரலில் உணர்ச்சி திரும்பவே இல்லை. தீபாவளி விளக்குகள் சிராங்கூன் சாலையில் ஏறிய வாரத்தில், எங்கள் கட்டிலில், மகள் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் இருக்க, தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு நானும் மகளும் பெரியவரைத் தேடிப் படகுத்துறைக்குப் போனோம். அந்தப் பண்ணை கைமாறிவிட்டது, அவர் எங்கே போனார் என்று தெரியவில்லை என்றார்கள். அவருடைய பெயரைக்கூட நாங்கள் கேட்டுவைக்கவில்லை.

அந்த மூன்றாவது மருந்தைப் போட்டிருந்தால் இன்னும் கொஞ்ச நாள் இருந்திருப்பாரோ என்ற கேள்வி எனக்கு இன்றும் வரும். யாரிடமும் அதற்குப் பதில் இல்லை, என்னிடமும் இல்லை. அது வருகிற நாட்களில் நான் சும்மா உட்கார்ந்து அதை வரவிடுகிறேன். என் கணவரை என்னால் காப்பாற்ற முடியவில்லை. ஆனால் திரும்பிப் பார்க்காமல் அவர் சொன்னதை நான் கேட்டுக்கொண்டேன் என்கிற ஒன்றுதான் இத்தனை நாளாக என்னை நடமாட வைத்துக்கொண்டிருக்கிறது.